குட்டையில் நின்ற குச்சி

வாங்குகிறவர் கண்ணுக்குத் தண்ணீராகவும் விற்கிறவன் கண்ணுக்கு மட்டும் மீனாகவும் தெரிகிற சரக்கைப் பையில் கட்டி விற்பதுதான் மீன்குஞ்சு வியாபாரம். கோழிக்குஞ்சு, நாற்று, பூ, ஐஸ் என்று வீடு போய்ச் சேருவதற்குள் குறைந்துவிடுகிற எதையாவது விற்று நொந்தவர்களுக்கு என் பாடு சொல்லாமலே விளங்கும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

எண்பதுகளில் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். அருப்புக்கோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருந்த அழகர்சாமி அண்ணாச்சி முதல் போட்டார், உழைப்பு என்னுடையது. திருச்சுழி போகிற வழியில் ஒரு கிராமத்தில், வற்றாத கிணறு ஒன்றின் பக்கத்தில் குட்டை வெட்டினோம். அணைக்கட்டுப் பக்கத்துப் பண்ணையிலிருந்து சீரகம் அளவில் கெண்டைக் குஞ்சு வாங்கி வந்து, மோட்டார் தண்ணீரில் விரல் நீளத்துக்கு வளர்ப்போம். மழை பெய்து கண்மாய் நிறைந்ததும், மீன் குத்தகை எடுத்தவர்கள் வந்து வாங்கிப் போவார்கள். நெல்லுக்கு நாற்றங்கால் எப்படியோ, மீனுக்கு எங்கள் குட்டை அப்படி. எனக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் கிடையாது. படிப்பைப் பாதியில் விட்டவன், கையில் கிடைத்த துண்டுப் பிரசுரங்களை எழுத்துக்கூட்டி வாசித்தே தொழிலைப் படித்தேன்.

மடியில் ஒரு பை

காற்றடைத்த பாலிதீன் பையில் பாதி தண்ணீர், அதில் குஞ்சுகள். இதை பஸ்ஸில் கொண்டுபோவது ஒரு தனிக் கலை. மேலே ஏற்றினால் வெயில். என்ஜின் மூடியின் மேல் வைத்தால் மீன் குழம்பாகிவிடும். தரையில் வைத்தால் யாராவது மிதித்துவிடுவார்கள். ஆகையால் உட்கார்ந்திருப்பவர்களில் இளகின மனசு உள்ளவர் யார் என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்து, அவர் மடியில் வைத்துவிட வேண்டும்.

ஒரு முறை அப்படி ஓர் அம்மாவின் மடியில் வைத்தேன். கூடை நிறைய வெங்காயத்தோடு போய்க்கொண்டிருந்தவர். பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். வழியெல்லாம் அதை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தார். உள்ளே நீந்துகிற குஞ்சுகளைப் பற்றிக் கேட்பார், நாமும் நாலு வார்த்தை சொல்லலாம் என்று காத்திருந்தேன். இறங்குகிற இடம் வந்ததும் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் கேட்டது இவ்வளவுதான்: “ஏய்யா, இம்புட்டுத் தண்ணிய பஸ்ஸு வச்சு எங்குட்டோ கொண்டு போறீகளே, எங்க ஊருல ரெண்டு பை எறக்குனா ஆகாதா?”

மிதக்காத சாவு

குட்டைக்குக் காவல் இருளப்பன். மிளகாய்த் தோட்டம், களம், பருத்திக் காடு என்று பல ஊர்களில் காவல் இருந்தவர். கரையோரம் ஓலைக் குடிசை போட்டுக்கொண்டு அங்கேயே கிடப்பார். அதிகம் பேசமாட்டார். காவல்காரனுக்குக் காடு கிடையாது, மாடு கிடையாது. பெயர் ஒன்றுதான் சொத்து. களவாண்ட காவல்காரன் என்று ஒரு ஊரில் சொல்லிவிட்டால், சுற்றுவட்டாரத்தில் எந்தக் களத்திலும் அவரை நிற்க விடமாட்டார்கள்.

இரண்டாவது பருவத்தில் வலை இழுத்தபோது, விட்டதில் பாதிகூடத் தேறவில்லை. குட்டையில் செத்து மிதந்த குஞ்சு ஒன்றுகூட எங்கள் கண்ணில் பட்டதில்லை. கொக்கு, மீன்கொத்தி எதையும் இருளப்பன் அண்ட விட்டதில்லை. நான் பிரசுரங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சிக்குப் பிரசுரம் தேவைப்படவில்லை. கரையில் நின்று தண்ணீரைப் பார்த்தார், குடிசையைப் பார்த்தார், பிறகு என் காதோரம் குனிந்தார்: “மீனு செத்தா மெதக்கணும்லய்யா. மெதக்காமக் காணோம்னா, அதுக்குக் கால் மொளைச்சிருக்குன்னு அர்த்தம்.”

மீனுக்கு வேலி

எங்கள் பக்கத்தில் கண்மாய்க்குத் திருட்டு வலை விழாமல் இருக்க ஒரு வழி உண்டு. கருவேல முள்ளை வெட்டித் தண்ணீருக்குள் போட்டுவிடுவார்கள். வலையை வீசினால் முள்ளில் மாட்டிக் கிழியும். அதையே குட்டையிலும் செய்யச் சொன்னார் அண்ணாச்சி. தன்மேல்தான் சந்தேகம் என்று இருளப்பனுக்குத் தெரியாமல் இல்லை. அரிவாளை எடுத்துக்கொண்டு போய், கொப்பு கொப்பாக வெட்டி இழுத்து வந்து, தானே இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி வரிசையாக நட்டார். கை காலெல்லாம் கீறல்.

அடுத்த முறை வலை இழுக்க முள்ளையெல்லாம் கரையில் இழுத்துப் போட்டோம். குஞ்சு முன்னைவிடக் குறைந்திருந்தது. அண்ணாச்சி இன்னும் முள் போடச் சொன்னார். போட்டோம். இன்னும் குறைந்தது. அந்தச் சமயம் குஞ்சு வாங்க வந்தவர் வீரசோழன் ஊர்க்காரர் காதர் பாய். இளமையில் மலாயாவில் கடை வைத்திருந்து ஊர் திரும்பியவர்; இப்போது இரண்டு கண்மாய்க்குக் குத்தகைதாரர். முள்ளுக்காடாக நின்ற குட்டையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “தம்பி, வெளியில இருந்து வாரவனுக்கு வேலி சரி. உள்ள இருக்குறவனுக்கு என்ன செஞ்சு வச்சிருக்கீக?”

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அண்ணாச்சி மட்டும் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் குடிசைப் பக்கம் பார்த்தார்.



பறந்த குச்சி

காலிப் பையோடு ஒரு வாரத்தில் காதர் பாய் திரும்பி வந்தார். குஞ்சு குறைகிறது என்று சண்டை போடத்தான் வருகிறார் என்று நினைத்து, நான் மோருக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் சண்டை போடவில்லை. ஏதோ அதிசயத்தைக் கண்டவர் மாதிரி கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்தார். கண்மாய்க் கரையில் பையை அவிழ்த்தபோது உள்ளே ஒரு குச்சி கிடந்திருக்கிறது. விரல் நீளம், காய்ந்த வைக்கோல் நிறம். எடுத்துக் கரையில் போட்டிருக்கிறார். குஞ்சுகளை விட்டுவிட்டுக் கை கழுவித் திரும்பும்போது குச்சி முதுகைப் பிளந்துகொண்டது. உள்ளே செக்கச்செவேல் என்று இருந்தது. அடுத்த கணம் அது அவர் தலைக்கு மேலே எழும்பிப் போய்விட்டது.

பக்கத்தில் இருந்த அண்ணாச்சி சிரித்துவிட்டார். “பாய்க்கு வெயில் ஏறிப்போச்சு” என்றார். இருளப்பன் சிரிக்கவில்லை. எங்கே விழுந்தது, எந்தத் திசையில் போனது என்று இரண்டு கேள்வி கேட்டார். காதர் பாய் மோரைக் குடித்துவிட்டு, தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார். “நான் அஞ்சு வேளை தொழுகுறவன். குச்சி பறந்துச்சுன்னா பறந்துச்சுதான். ஒங்க குட்டைத் தண்ணியில என்னத்தப் போட்டு வளக்குறீகன்னு நீங்கதான் சொல்லணும்.”

சூடம்

அடுத்த வலையிலும் குறைவு. அண்ணாச்சிக்குப் பொறுமை போய்விட்டது. அந்த ஊர்க் கருப்பசாமி கோயிலில் வெள்ளிக்கிழமை இருளப்பன் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்று பூசாரியிடம் சொல்லி, ஊரில் நாலு பேருக்கும் சொல்லிவிட்டார். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அமுக்கி, ‘நான் எடுக்கவில்லை’ என்று சொல்ல வேண்டும். பொய்யென்றால் சாமி பார்த்துக்கொள்ளும். எங்கள் பக்கத்தில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகாத வழக்கெல்லாம் இப்படித்தான் முடியும்.

இருளப்பன் மாட்டேன் என்றார். ஊர் முழுக்க அதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொண்டது. குற்றமில்லாதவனுக்குச் சூடம் அணைக்க என்ன பயம் என்று டீக்கடையில் பேசினார்கள். நானும் கரைக்குப் போய்க் கெஞ்சினேன். ஒரு நிமிஷ வேலை, அணைத்துவிட்டால் எல்லார் வாயும் அடைத்துவிடுமே என்றேன். அவர் முள்ளில் கிழிந்த காலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: “சூடத்த அணைச்சா நான் எடுக்கலன்னு ஆகாதுண்ணே. எடுத்திருப்பானோன்னு ஊரு ஒரு நாளு நெனச்சுச்சுன்னுதான் ஆகும். சாகுற மட்டுக்கும் நான் சத்தியம் பண்ணுன இருளப்பன்.”

பாக்கியத்தின் தொட்டி

பையில் ஏற்றத் தெம்பில்லாத நோஞ்சான் குஞ்சுகளை நான் ஒரு வாளியில் அள்ளி வீட்டுக்குக் கொண்டு வருவது வழக்கம். துணி துவைக்கிற சிமெண்டுத் தொட்டியில் விட்டு என் மனைவி பாக்கியம் பார்த்துக்கொள்வாள். தவிட்டைப் பொட்டலம் கட்டிப் போட்டு, பிள்ளையைத் தேற்றுகிற மாதிரித் தேற்றுவாள். இந்தக் குஞ்சுகளை மட்டும் யாரும் திருடப் போவதில்லை. தொட்டி எங்கள் வீட்டுக் கொல்லையில், அவள் கண்ணுக்கு எதிரில் இருந்தது. அந்த வாரம் அதிலும் குஞ்சு குறைந்தது.

ஒரு காலையில் அவள் கூப்பிட்ட சத்தத்தில், ஏதோ பாம்பு என்று கம்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். தொட்டியின் ஓரத்தில், தண்ணீருக்குள், விளக்குமாற்றிலிருந்து உருவின மாதிரி ஒரு குச்சி தலைகீழாகச் சாய்ந்து நின்றது. வால் நுனி மட்டும் தண்ணீர் மட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவள் அதை எடுத்துப் போடக் கை நீட்டியிருக்கிறாள். அப்போதுதான் குச்சிக்குக் கை இருந்ததைப் பார்த்திருக்கிறாள். கும்பிடுபூச்சிக்கு இருக்கிற மாதிரி மடக்கின இரண்டு முன்னங்கால். அந்தக் காலுக்கு நடுவில் ஒரு குஞ்சு, வாலை அடித்துக்கொண்டு.

இருவரும் தொட்டி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டோம். அன்று எங்கள் வீட்டில் அடுப்புப் பற்ற வைக்கவில்லை. பூச்சி தன் ஊசி மூக்கைக் குஞ்சின் மேல் வைத்து அசையாமல் இருந்தது. வாலாகத் தெரிந்தது வால் இல்லை, மூச்சுக்குழாய். அது வழியாகத்தான் மேலே இருந்து காற்றை வாங்கிக்கொண்டது. வெகுநேரம் கழித்துக் கையை விட்டது. குஞ்சு மிதக்கவில்லை. உறிஞ்சின சக்கைத் தோல் மெதுவாக இறங்கிப் போய் அடிப்பாசியில் ஒட்டிக்கொண்டது. எனக்கு அண்ணாச்சி சொன்ன மிதக்காத சாவு ஞாபகம் வந்தது. பாக்கியத்துக்கு ஞாபகம் வந்தது இருளப்பன். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே எழுந்தாள். “என்னங்க, நாளைக்கு வெள்ளிக்கெழம. இந்தக் குச்சிய இப்பவே கொண்டு போயி அண்ணாச்சிட்டக் காட்டுங்க. அந்த மனுசன் முழிச்ச முழி என் கண்ணுலயே நிக்கிது.”

மிட்டாய் பாட்டிலில்

பூச்சியையும் கொஞ்சம் குஞ்சுகளையும் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அண்ணாச்சி கடையில் கடலை மிட்டாய் போட்டு வைக்கிற கண்ணாடிப் பாட்டில் ஒன்று காலியாக இருந்தது. அதில் ஊற்றி, கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். “குச்சி” என்றார். பூச்சி என்றேன். வெளியே எடுத்துக் காட்டினேன். தண்ணீரை விட்டு எடுத்தால் அது கை காலை ஒட்ட வைத்துக்கொண்டு செத்த மாதிரி விறைத்துவிடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. என் உள்ளங்கையில் சுத்தமான குச்சியாகக் கிடந்தது. சீரகம் வாங்க வந்தவர்கள், பருப்பு வாங்க வந்தவர்கள் எல்லாரும் பார்த்துவிட்டுக் குச்சி என்றே தீர்ப்புச் சொன்னார்கள். அண்ணாச்சி அதை வாங்கி, ஒடித்துக் காட்டிவிட்டால் தீர்ந்தது என்று இரண்டு கையாலும் பிடித்தார். “ஆத்தாடி!” என்று உதறினார். மூக்கால் ஒரு குத்து.

பிறகு அதைப் பாட்டிலில் விட்டோம். அது சுவரோரமாகச் சாய்ந்து, மூச்சுக்குழாயை மேலே நீட்டிக்கொண்டு நின்றது. நின்றுகொண்டே இருந்தது. கூட்டம் கலைந்தது. இது இன்று சாப்பிடவில்லை என்றால் நாளைக்கு இருளப்பன் கதி என்ன? அண்ணாச்சி குத்தின விரலைச் சப்பிக்கொண்டே ஒருவருக்குத் துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். அப்போது ஒரு குஞ்சு குச்சிக்குப் பக்கத்தில் நீந்திப் போனது. கை நீண்டதை யாரும் பார்க்கவில்லை. குஞ்சு கைக்குள் இருந்ததைத்தான் பார்த்தோம்.

தராசுத் தட்டில் பருப்பு மேலும் மேலும் விழுந்து வழிந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி பார்க்கவே இல்லை. வாங்க வந்தவரும் பாவம், பாட்டிலைப் பார்ப்பதா, வழிகிற பருப்பைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றார். கடைசியில் அண்ணாச்சி பெருமூச்சு விட்டுச் சொன்னார்: “எங்கடையிலயும் களவாண்டவன் உண்டு தம்பி. ஆனா காவலுக்கு நின்ன கம்பு மாதிரி நின்னுக்கிட்டுக் களவாண்டவன் இவன் ஒருத்தந்தான்.”

நாள் குறித்தால் குறித்ததுதான்

வெள்ளிக்கிழமை அண்ணாச்சி பாட்டிலோடு ஊருக்கு வந்தார். கோயில் முன்னால் கூட்டம். பாட்டிலைக் காட்டி, திருடன் இவன்தான், சத்தியம் வேண்டாம், எல்லாரும் வீட்டுக்குப் போங்கள் என்றார். பூசாரி ஒத்துக்கொள்ளவில்லை. பூச்சியை அவர் நம்பாமல் இல்லை. பாட்டிலை வாங்கி நாலு பக்கமும் திருப்பிப் பார்த்து, “நல்ல களவாணி” என்றுகூடச் சொன்னார். ஆனால் சாமிக்கு நாள் குறித்துச் சொல்லியாயிற்று. கேட்டுக்கொண்டிருக்கிற சாமியை வெறும் காதோடு அனுப்பக்கூடாது. யாராவது ஒருவர் சூடம் அணைத்தே ஆக வேண்டும். இருளப்பன் வரவில்லை. வழக்கம்போலக் குட்டைக் கரையில் நின்றார். கோயிலிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரம். எல்லாரும் அங்கே பார்த்தோம். அவர் எங்களைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அண்ணாச்சி சட்டையைக் கழற்றினார். இடுப்பில் துண்டைக் கட்டினார். ‘இருளப்பன் எடுக்கலை. நான் சொன்னது தப்பு. அதுக்கு நானே சத்தியம்’ என்று சத்தமாகச் சொல்லி, எரிகிற சூடத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினார். பழக்கமில்லாத கை, பட்டென்று அமுக்கி எடுக்கத் தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்துவிட்டார். பிறகு நேரே கரைக்கு நடந்தார். நான் பின்னாலேயே போனேன். ஏதோ பெரிய பேச்சுவார்த்தை நடக்கப்போகிறது என்று நினைத்தேன். இருளப்பன் அவருடைய கையைப் பார்த்தார். மஞ்சள் குழைத்து வைத்திருந்த சிரட்டையை எடுத்து நீட்டினார். “ரொம்பச் சுட்டுருச்சா மொதலாளி?”

களவாணிக்குப் பந்தல்

மறுநாள் முள்ளையெல்லாம் வெளியே எடுத்தோம். இந்த முறை பாக்கியம் சொன்ன யோசனைப்படி கரையில் ஒரு பழைய வெள்ளை வேட்டியை விரித்து, ஒவ்வொரு கொப்பையும் அதன் மேல் உதறினோம். குச்சி குச்சியாக விழுந்தது. கொஞ்ச நேரம் எல்லாம் செத்த மாதிரிக் கிடந்தன. வெயில் ஏற ஏற, அதில் பாதிக் குச்சிகள் எழுந்து நடக்க ஆரம்பித்தன. முன்பெல்லாம் முள்ளை இழுத்துப் போட்டபோதும் இவை விழுந்திருக்கும். குச்சிகளோடு குச்சியாக நாங்கள் காலால் மிதித்துக்கொண்டு போயிருப்போம்.

நன்றாக நீந்தத் தெரியாத பூச்சி அது. தண்ணீர் மட்டத்துக்குக் கிட்டத்தில் பிடித்துக்கொண்டு நிற்க ஏதாவது வேண்டும். முதல் பருவத்தில் கரையோரப் புல்லில் கொஞ்சம் இருந்தன. நாங்கள் முள் போடப் போட, குட்டை முழுக்க நிற்க இடம் கிடைத்தது. சுற்றிலும் கண்மாய் வற்ற வற்ற, தண்ணீர் இருக்கிற ஒரே இடம் என்று பறந்து வந்து சேர்ந்தன. இதை நான் விளக்கிச் சொன்னபோது இருளப்பன் வேட்டியைப் பார்த்தார், தன் கால் கீறல்களைப் பார்த்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். “அப்ப நாந்தேன் முள்ளுல கிழிபட்டு, களவாணிக்குப் பந்தல் போட்டுக் குடுத்திருக்கேன்.”

குட்டைக்கு எண்ணெய்க் குளியல்

பூச்சிக்கு வைத்தியம் ஒரு பிரசுரத்தில் கிடைத்தது. குஞ்சு விடுவதற்கு முன்னால், சோப்பைக் கரைத்து எண்ணெயோடு கலந்து தண்ணீர் மேல் பரப்ப வேண்டும். எண்ணெய்ப் படலம் மூச்சுக்குழாயை அடைத்துவிடும். பிறகு படலம் கலைந்ததும் குஞ்சு விடலாம். காற்று அடிக்காத நாளாகப் பார்த்துச் செய்யவும் என்றும் போட்டிருந்தது. எங்கள் ஊரில் காற்று அடிக்காத நாளுக்கு எங்கே போவது? முதல் தடவை எண்ணெய் எல்லாம் ஒரு மூலைக்கு ஒதுங்கிப் போய், பூச்சிகள் எதிர் மூலையில் சுகமாக நின்றன.

இரண்டாவது தடவை விடியற்காலையில் காற்று எழும்புமுன் முடித்தோம். அண்ணாச்சி கடையிலிருந்து பெட்டியோடு வந்த பார் சோப்பை இருளப்பனும் நானும் அண்டாவில் கரைத்துக்கொண்டிருந்தோம். குடத்தோடு கிணற்றுக்கு வந்த ஒரு பெண் நின்று பார்த்தாள். குடத்தை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு, கூட வந்தவளைக் கூப்பிட்டுக் காட்டினாள்: “இங்க பாருடி கூத்த! எங்க வீட்டு மனுசன் தீவாளிக்குக்கூட எண்ண தேச்சுக் குளிக்க மாட்டேங்குறாரு. இவுக குட்டையக் குளிப்பாட்டுறாக!”

மலாயாவில் பார்த்த ஆள்

அந்த மழைக்குக் குஞ்சு நன்றாகத் தேறியது. காதர் பாய் வந்தபோது, அவர் பறக்கவிட்ட குச்சியின் உறவுக்காரன் ஒன்றைப் பாட்டிலில் வைத்துக் காட்டினேன். அவர் கண்ணாடிக்கு முகத்தை ஒட்ட வைத்துக்கொண்டு பார்த்தார். பிறகு தன் நெற்றியில் தானே தட்டிக்கொண்டார். மலாயாவில் ஈயம் தோண்டிப் போட்ட பள்ளங்களில் மழைத் தண்ணீர் நிற்குமாம். வயலிலும் வாய்க்காலிலும் வருஷம் பூராவும் தண்ணீர். குளிக்க இறங்கினால் இதே மாதிரி, இதைவிட நீளமான குச்சி காலில் இடிக்கும். தினமும் பார்த்தும், அதைப் பூச்சி என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

அங்கே இருப்பதும் இதே இனம்தானா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளும் இல்லை. அத்தனை தண்ணீர் உள்ள நாட்டில் இருப்பது சரி. வருஷத்தில் முக்கால்வாசி தூசு பறக்கிற இந்த ஊரில் எதை நம்பி இருக்கிறது என்று வெகுநாள் யோசித்தேன். காதர் பாய் யோசிக்கவில்லை. பாட்டிலைத் தட்டிச் சொன்னார்: “இருக்குற எடத்துல இருந்தா போதும்னா நான் எதுக்குத் தம்பி கப்பலேறுனேன்? தண்ணி இருக்குற எடத்துக்குப் பறக்கத் தெரிஞ்சவன் பொழைச்சுக்கிடுவான்.”

முதலாளி மாதிரி

இருளப்பனைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அவர் பயந்தது நடக்கவில்லை. அதற்கு நேர் எதிராக நடந்தது. காவல்காரனுக்காக முதலாளியே சூடம் அணைத்த கதை பாலவனத்தம் வரைக்கும் போயிற்று. மாமனாருக்கு மருமகன் சத்தியம் செய்தது உண்டு, பங்காளிக்குப் பங்காளி செய்தது உண்டு. இப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதில்லை என்றார்கள். கண்மாய் ஏலம் எடுத்தவர்கள் அவர் குடிசைக்கு வந்து கூப்பிட்டார்கள். அவர் எங்கள் குட்டையையும் விடாமல், பருவத்துக்கு ஒரு கண்மாயைப் பார்த்துக்கொண்டார்.

தொண்ணூறுகளில் மழை பொய்த்துக் கிணறும் வற்றியது. அதற்கு முன்பே பாக்கியம் காலமாகிவிட்டாள். அவள் தேற்றி வளர்த்த நோஞ்சான் குஞ்சுகளைத் தேற்ற எனக்குக் கை வரவில்லை. தொழிலை முடித்துக்கொள்ளலாம் என்றபோது அண்ணாச்சி மறுப்புச் சொல்லவில்லை. கடைசியாகப் பார்த்துவிட்டுப் போக, மகன் வாங்கியிருந்த கருநீலப் புதுக் காரில் வந்தார். குட்டையில் முழங்கால் அளவுத் தண்ணீர். வெயில் தாழ்கிற நேரம். நாங்கள் மூவரும் கரையில் உட்கார்ந்திருந்தோம். குட்டையோரப் புல்லிலிருந்து ஒரு குச்சி எழும்பியது. பிறகு இன்னொன்று. தண்ணீர் முடியப் போகிறது என்று அவற்றுக்கு எப்படித் தெரிந்ததோ. பாக்கியம் இருந்திருந்தால் அன்றும் அடுப்புப் பற்ற வைத்திருக்கமாட்டாள். வானத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, அவை தூரத்துக்குப் போகவில்லை. டொக், டொக் என்று காரின் மேல் வந்து விழுந்தன. பளபளப்பைத் தண்ணீர் என்று நினைத்துவிட்டன. விழுந்து, வழுக்கி, திகைத்து, மறுபடி எழும்பின.

அண்ணாச்சி கார் பெயிண்டைப் பற்றிக் கவலைப்பட்டு எழுந்தார். இருளப்பன் அவரைக் கையமர்த்திவிட்டு, போய் ஒவ்வொன்றாக வழித்தெடுத்துப் புல்லில் விட்டார். திரும்பி வரும்போது என்னிடம் சொல்கிற மாதிரி, அண்ணாச்சிக்குக் கேட்கும்படிச் சொன்னார்: “இதுவும் நம்ம மொதலாளி மாதிரித்தாண்ணே. கண்ணுக்குத் தெரிஞ்சா போதும், தொட்டுப் பாக்காமயே முடிவு பண்ணிரும்.” அண்ணாச்சி தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். வடு எதுவும் இல்லை. ஆனாலும் தேய்த்துவிட்டுக்கொண்டார். “ஏலே இருளப்பா, சூடத்துல சுட்டது என் கையி. இத்தன வருசமா ஊதிக்கிட்டிருக்கது நீயி.”

கணக்குப் பார்த்தால், திருடாதவனைக் காவலுக்கு வைத்துச் சந்தேகப்பட்டதையும் திருடினவனுக்கு முள் வெட்டிப் போட்டு நிழல் கொடுத்ததையும் தவிர, மீன்குஞ்சு வியாபாரத்தில் நாங்கள் பெரிய தப்பு எதுவும் செய்யவில்லை.